முக்கு... எடு... தட்டு!

ஒரு குச்சி. அதன் நுனியில் ஒரு உருண்டை. அதை எதிலோ ஒரு முக்கு முக்கி எடுத்து, நட்டுவைத்துக் காயவிட வேண்டும். அது என்ன?

சிவகாசியில் கேட்டால் சின்னப் பிள்ளைகூட 'தீக்குச்சி' என்று சொல்லிவிடும். அமெரிக்காவில் கேட்டால் 'கேக் பாப்' என்பார்கள். இரண்டு பதிலும் கரெக்ட். முன்னது பற்றவைக்க, பின்னது வாயில் போட. மாற்றிச் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்!

கேக் பாப் என்பது பிரமாதமான ரகசியம் ஒன்றுமில்லை ஸார். கேக்கை உதிர்த்து, ஏதாவது ஈரப்பசையுள்ள சமாசாரம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உருகிய சாக்லேட்டில் முக்கி எடுப்பது. குச்சி இல்லாவிட்டால் கேக் பால். குச்சி இருந்தால் கேக் பாப். ஏஞ்சி டட்லி என்ற அமெரிக்கப் பெண்மணி 2008-ல் இதைக் குச்சியில் செருகி அலங்காரம் செய்து காட்டப்போக, ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. 2010-ல் அவருடைய புத்தகம் வந்தது. 2011-ல் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில் விற்பனைக்கே வந்துவிட்டது. இப்போது நம் ஊர் பிறந்தநாள் விழாக்களிலும் பலூனுக்குப் பக்கத்தில் இதுதான் நிற்கிறது.

'உருண்டைக்குச் சட்டை போடுவது' வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். நம் சுசியம் என்ன? பூரணத்தை உருட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் போடுவதுதானே! முந்திரிக்கொத்து என்ன? பாசிப்பருப்பு உருண்டைக்கு மாவுச் சட்டை. சட்டைத் துணி மட்டும் மாறியிருக்கிறது. மாவுக்குப் பதில் சாக்லேட், எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் ஃபிரிட்ஜ்.

இதில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளுக்கு ஒரு நற்செய்தி. இதற்கு அவன் வேண்டாம், பீட்டர் வேண்டாம், முட்டையை அடித்து நுரைக்கத் தெரிய வேண்டாம். கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அடுப்பில் வெந்நீர் வைக்கத் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாது என்றால், மன்னிக்கவும், இந்தப் பக்கத்தைப் புரட்டி ஜோக் பகுதிக்குப் போய்விடுங்கள்.

உருட்டும் படலம்

25 உருண்டைக்கு இதுதான் கணக்கு. க்ரீம் தடவாத சாதா கேக் 500 கிராம். பிசைவதற்கு ஏதாவது ஒன்று 125 கிராம். மேல்பூச்சுக்கு சாக்லேட் 400 கிராம். அதில் 300 கிராம் உருண்டைகளில் ஒட்டும், மீதி பாத்திரத்தில் தங்கும். முங்குகிற ஆழம் வேண்டும் என்பதற்காக அந்த உபரி.

பிசைவதற்கு வெளிநாட்டில் வெண்ணெயும் ஐஸிங் சர்க்கரையும் அடித்த க்ரீமைப் போடுகிறார்கள். எனக்கு அந்தத் தித்திப்பு திகட்டும். பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்துக்கொண்டு க்ரீமுக்கு ஏன் அலைய வேண்டும்? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா இருக்கிறது. பாலும் சர்க்கரையும் சுண்டிய பசை. கேக் தூளை அம்சமாகப் பிடித்துக்கொள்கிறது. ரொம்ப உதிரியாக இருந்தால் காய்ச்சி ஆறிய பால் ஒரு ஸ்பூன். ஒரே ஸ்பூன்!

கையில் ஒரு பிடி எடுத்து ரவா லட்டு பிடிப்பது போல அழுத்துங்கள். விரலைத் திறந்தால் உதிரவும் கூடாது, உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது. உதிர்ந்தால் சாக்லேட்டுக்குள் கரைந்து காணாமல் போகும். ஒட்டினால் குச்சி நிற்காது, உருண்டை மெல்ல இறங்கி வந்து உங்கள் விரலில் உட்காரும். ஒன்று 25 கிராம் வீதம் உருட்டி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீஸரில் அல்ல, கீழ்த் தட்டில்.

முக்கும் படலம்

இங்கேதான் விருதுநகர் ஜில்லாக்காரனுக்கு ஒரு சோதனை. அசல் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்ஸியஸில் உருகிவிடும். நம் வாய்ச்சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் நாக்கில் பட்டதும் கரைகிறது. ஆனால் சித்திரையில் எங்கள் ஊரில் நாக்கே தேவையில்லை. திண்ணையில் வைத்தாலே கரைந்துவிடும்!

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் என்று கடைக்குக் கடை போர்டு தொங்குகிறது என்றால், அங்கே மலைக்குளிரே பாதி வேலையைப் பார்த்துக்கொடுக்கும். சிவகாசிப் பக்கம் நேர் எதிர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, இந்தக் காய்ந்த பூமியும் வறண்ட காற்றுமே தொழிலுக்கு மூலதனம் ஆயின. முக்கிய குச்சி சீக்கிரம் காயுமே! தீக்குச்சிக்கு வரமாக இருந்த வெயில் சாக்லேட்டுக்குச் சாபம்.

அசல் சாக்லேட்டை வெறுமனே உருக்கி ஊற்றினாலும் போதாது. சுமார் 45 டிகிரிக்கு உருக்கி, 27-க்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் கொழுப்பு ஒழுங்காக உறைந்து, பளபளப்பும் 'டக்'கென்று உடைகிற முறுக்கும் வரும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் தேமல் படரும். தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு இந்தச் சர்க்கஸ் பண்ண நமக்குப் பொறுமை இல்லை. ஆகவே பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் 'டார்க் காம்பவுண்ட்' என்று கேட்டு வாங்குங்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். ருசியில் ஒரு படி கீழே, உழைப்பில் பத்துப் படி மிச்சம். உருக்கினோமா, முக்கினோமா என்று முடிந்துவிடும்.

ஒரு பாத்திரத்தில் வெந்நீர். அதன் மேல் இன்னொரு பாத்திரம். மேல் பாத்திரத்தில் பொடியாக நறுக்கிய சாக்லேட். அடுப்பை அணைத்துவிட்டே கிளறலாம், அந்தச் சூடு போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் சாக்லேட் கோபித்துக்கொண்டு மணல் மாதிரி திரித்துக்கொள்ளும். கெட்டியாக இருக்கிறதே என்று பால் ஊற்றுகிறவர்களும் உண்டு. கூடவே கூடாது. ஒரு ஸ்பூன் வாசனையில்லாத சமையல் எண்ணெய் விடலாம். எண்ணெய்க்குப் பேர்போன ஊர் என்ற பாசத்தில் நல்லெண்ணெய் விட்டுவிடாதீர்கள். சாக்லேட்டுக்குப் பதில் இட்லிப்பொடி ஞாபகம்தான் வரும்.

உருகிய சாக்லேட்டை உயரமான எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றுங்கள். முதலில் குச்சியின் நுனியை மட்டும் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையில் பாதி ஆழத்துக்குச் செருகி, பத்து நிமிஷம் ஃபிரிட்ஜ். அதுதான் பசை. பிறகு வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் பொறுங்கள். ரொம்பக் குளிர்ந்த உருண்டையைச் சூடான சாக்லேட்டில் விட்டால், மேலே ஓடு இறுகியபின் உள்ளே உருண்டை விரியும். ஓடு கீறிவிடும். இனி நேராக முக்கு, நேராக எடு, டம்ளர் விளிம்பில் மெல்லத் தட்டு. உள்ளே விட்டுக் கிண்டினால் உருண்டை டம்ளரோடு தங்கிவிடும், குச்சி மட்டும் உங்களோடு வரும்.

முக்கியதை நட்டுவைக்கத் தெர்மகோல் தேட வேண்டாம். ஊதுபத்தியை வாழைப்பழத்தில் செருகும் பரம்பரை நாம். வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து வைத்து, வரிசையாகச் செருகுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் சாத்தூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். வயசுக்காலத்தில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்.

"ஏய்யா, என்னய்யா பண்ணுத?"

"கேக்கு பெரியம்மா. குச்சில சொருகி சாக்லேட்டுல முக்குறது."

குனிந்து பார்த்தார். சிரித்தார். "முதல்ல நுனிய நனைக்க, பெறவு முழுசா முக்குத. இது தீக்குச்சில்லய்யா! மொதல்ல மெழுகு, அப்புறம் மருந்து!"

எனக்குப் பொறி தட்டியது. அட, ஆமாம்! தீக்குச்சியும் இரண்டு குளியல் போட்டுத்தான் வருகிறது. முதலில் நுனி உருகிய மெழுகில் இறங்கும். தலையில் பிடித்த தீ மரத்துக்குத் தாவ அந்த மெழுகு வேண்டும். அதற்கப்புறம் மருந்து. கம்பி மத்தாப்பும் அப்படியே. கூழான மருந்தில் கம்பியை முக்கிக் காயவைத்து, மறுபடி முக்கிக் காயவைக்கிறார்கள். முக்கும் ஆழம் கூடினால் மருந்து நட்டம், குறைந்தால் சரக்கு மட்டம்.

பெரியம்மா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மீதியைத் தானே முக்கினார். எனக்குப் பத்தில் ஒன்று கோணும். அவருக்கு ஒன்றுகூடக் கோணவில்லை. எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு உருப்படிக்கு எத்தனை தருவான்?"

அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

சோடிக்கும் படலம்

மேல்பூச்சு இறுகுவதற்குள், அதாவது ஒரு நிமிஷத்துக்குள், தூவ வேண்டியதைத் தூவிவிட வேண்டும். இறுகியபின் தூவினால் எல்லாம் தரைக்குத்தான் அலங்காரம்.

கடையில் கலர் கலராகச் சர்க்கரை மணிகள் கிடைக்கின்றன. அவற்றைவிட எனக்குப் பிடித்தவை மூன்று. ஒன்று, பெட்டிக்கடை சீரக மிட்டாய். வண்ணமும் உண்டு, கடித்தால் வாசனையும் உண்டு. இரண்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெரிய மனுஷரைத் துணியில் சுற்றிக் குழவியால் இரண்டு போடு போட்டால் அருமையான கரகரப்பு. மூன்று, நம்புங்கள், சாத்தூர் காராச்சேவு! நுணுக்கி மேலே லேசாகத் தூவுங்கள். இனிப்புக்கு நடுவே உப்பும் உறைப்பும் எட்டிப் பார்க்கும். முகம் சுளித்த நண்பர்கள் இரண்டாவதுக்குக் கை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி ஸ்பெஷல் வேண்டுமா? வெள்ளைக் காம்பவுண்டை உருக்கி, மூலை வெட்டிய பாலித்தீன் கவரில் நிரப்பிச் சுழித்தால் சங்குசக்கரம். உச்சியிலிருந்து மஞ்சளும் சிவப்புமாக மணிகள் வழிந்தால் புஸ்வாணம். வெள்ளைக்குக் கலர் சேர்ப்பதென்றால், எண்ணெயில் கரையும் கலர் என்று கேட்டு வாங்குங்கள். சாதா தண்ணீர்க் கலர் விட்டால் பழைய மணல் கதைதான். மினுமினுப்புக்காகக் கைவினைக் கடை ஜிகினாத்தூளைத் தூவுகிற அழகுப் பிரியர்களுக்கு: அது கண்ணுக்கு, வயிற்றுக்கல்ல. சாப்பிடத் தகுந்தது என்று அச்சிட்டிருந்தால் மட்டும் தொடுங்கள்.

இன்னொன்று. பட்டாசு மாதிரி சோடித்த இனிப்பை நிஜப் பட்டாசுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

மிச்சப் படலம்

பேக்கரிக்காரர்களுக்கு இந்த உருண்டை எப்போதோ தெரியும். பிறந்தநாள் கேக்கைச் சதுரமாக வெட்டும்போது விழும் ஓரங்களையும் துண்டுகளையும் என்ன செய்வது? உதிர்த்து, கோகோ சேர்த்துப் பிசைந்து உருட்டினால் 'ரம் பால்'! பெயரில் இருக்கும் ரம் பெரும்பாலும் உருண்டைக்குள் வந்து சேர்வதில்லை என்பது வேறு விஷயம். மிச்சத்தைக் காசாக்கும் அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் எங்கள் பக்கத்தில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. பட்டாசுக்குக் கலக்கும் மருந்தை அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் கலக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். அப்புறம் ஒரு சின்ன உராய்வு போதும். கேக்கின் மிச்சம் உருண்டையாகும். மருந்தின் மிச்சம் உயிரைக் குடிக்கும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இந்த இரண்டு நாள் வெடிவிபத்துகளில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவை ஆலைகளில் நடந்தவை. உரிமமே இல்லாமல் வீட்டுக்குள் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்வதும் இந்தப் பக்கம் ஓயவில்லை. ஒரே கூரைக்குள் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் மருந்து. ஏன் செய்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வயிறு ஸார். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தீர்ப்பின் நியாயம் டில்லியின் மூச்சுக்காற்றில் இருக்கிறது. ஆனால் அடுப்பு அணைந்தது இங்கே.

கேக் உருண்டை வந்து இத்தனை ஆயிரம் குடும்பங்களைக் காப்பாற்றிவிடும் என்று அளக்க நான் தயாரில்லை. ஊர் முழுக்க உருட்டினால் யார் தின்பது? ஆனால் ஒன்று நிச்சயம். முக்குவது, தட்டுவது, ஒரே அளவாக உருட்டுவது, வரிசை பிசகாமல் அடுக்குவது என்ற கைத்திறன் எங்கள் வீடுகளில் நூறு வருஷமாகக் குவிந்து கிடக்கிறது. இனிப்பைச் சுற்றும் அட்டைப்பெட்டியும் லேபிளும் அச்சடிக்க சிவகாசியில் அச்சகங்கள் இருக்கின்றன. வீட்டில் வைத்துச் செய்யவே கூடாத தொழில் ஒன்று உண்டென்றால், வீட்டில் வைத்துத் தைரியமாகச் செய்யக்கூடியதும் உண்டு. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், சின்ன அடுக்களையாக இருந்தாலும். பால்கோவா சேர்த்ததை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் காலி செய்துவிட வேண்டும்.

கணக்குப் படலம்

இப்போது பெரியம்மாவின் கேள்வி. நான் படித்தது பி.காம். பிறந்தது, வற்றலுக்கும் பருப்புக்கும் விலை சொல்லும் விருதுநகர். எதைப் பார்த்தாலும் 'அடக்கம் என்ன?' என்று கேட்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

கணக்குச் சுலபத்துக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கேக் 200 ரூபாய், பால்கோவா 50, ஒட்டிய சாக்லேட் 120, குச்சி, தூவல், கவர், காஸ் எல்லாம் 55. மொத்தம் 425. இருபத்தைந்தால் வகுத்தால் உருப்படிக்கு 17 ரூபாய். "இருபதுக்கு வித்தா மூணு ரூபா லாபம்!" என்று வீட்டில் தொழில் தொடங்குகிற பலரும் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள்.

மூடாதீர்கள். இரண்டு ஐட்டம் விட்டுப்போயிற்று.

முதலாவது, சேதாரம். எங்கள் புரொபஸர் இதைச் 'சாதாரண நட்டம்' என்று நடத்துவார். எப்படிச் செய்தாலும் இரண்டு உருண்டை கீறும் அல்லது டம்ளருக்குள் குதிக்கும். ஆக விற்பனைக்கு வருவது 23.

இரண்டாவது, கூலி. உருட்ட, முக்க, சோடிக்க, பாத்திரம் கழுவ இரண்டரை மணி நேரம். மணிக்கு வெறும் 60 ரூபாய் போட்டால்கூட 150. இப்போது மொத்தம் 575. அதை 23-ஆல் வகுத்தால் உருப்படி 25 ரூபாய்! இருபதுக்கு விற்றவருக்கு லாபம் மூன்றல்ல, நட்டம் ஐந்து. அந்த ஐந்து எங்கிருந்து போகிறது? அம்மாவின் முதுகுவலியிலிருந்து, மதினியின் தூக்கத்திலிருந்து.

தீப்பெட்டி ஆபீஸில் கட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களுக்குத் தங்கள் கையின் விலை தெரியும். குறைவான விலைதான், ஆனாலும் விலை. அதே கை வீட்டு அடுக்களைக்குள் வந்ததும் இலவசமாகிவிடுகிறது. படித்த நாமும் அதை நோட்டில் எழுதுவதில்லை. எழுத வேண்டும். அடக்கம் 25 என்றால் 35-க்கு விற்கலாம். வாங்க ஆளில்லை என்றால் அன்றைக்கு உருட்ட வேண்டாம், அவ்வளவுதான். கூலியைத் தின்றுதான் ஒரு தொழில் நிற்க வேண்டும் என்றால் அது தொழில் அல்ல, வேண்டுதல்.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, அடுத்த மாதம் யாருக்காவது பிறந்தநாள் வரும். உங்கள் தெருவிலேயே ஒரு அக்கா வீட்டில் செய்து, கலர் பேப்பர் சுற்றி, 'ஒண்ணு முப்பத்தஞ்சு தம்பி' என்று சொல்லக்கூடும். 'வீட்ல செஞ்சதுதானே, இருபதுக்குக் குடுங்க' என்று வாய் வரைக்கும் வரும்.

சாக்லேட் உருண்டை ஒன்றை எடுத்து அந்த வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு தானாக நின்றுவிடும்.